படுத்தவன் தூங்கணும்

மேனேஜர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் வாரம் ஒரு தடவை அவரை எழுப்பி உட்காரவைத்துத் திட்டாவிட்டால் மிளகாய்க்குச் சாப்பாடு செரிக்காது.

மிளகாய் என்பது லாரி ஆபீஸில் கிடைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை லைசென்ஸில் மட்டும்தான் பார்க்கலாம். காரணமில்லாமல் கோபப்படுகிற ஆள் என்று அவரைச் சொன்னால் அது அநியாயம். காரணத்தைக் கண்டுபிடிக்கிற திறமை அவருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். டீ ஆறியிருந்தால் கோபம் வரும். கொதித்தாலும் வரும். சரியான சூட்டில் வந்துவிட்டால், "இன்னைக்கு மட்டும் எப்படி ஒழுங்கா போட்டான்?" என்று அதற்கும் வரும்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை உண்டு. அதன் கீழே, உடைக்கப்போன லாரியிலிருந்து கழற்றிய நீளமான சீட் ஒன்று பஞ்சு பிதுங்கிக் கிடக்கும். அதில் மூன்று பேர் உட்காரலாம், மற்றவர்களுக்கு அடுக்கிவைத்த டயர்கள். ஓய்வு பெற்ற டிரைவர்கள் வாரம் ஒரு மத்தியானம் அங்கே கூடுவார்கள். வீட்டில் முக்கியமான வேலை என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். பழைய லோடுகளை மறுபடி ஏற்றி, பழைய ரோடுகளில் மறுபடி ஓட்டுவதுதான் அந்த வேலை. ஓடாத வண்டிகள் அங்கே பிரமாதமாக ஓடும்.

அன்றைக்கு மகாராணியைப் பற்றிப் பேச்சு வந்தது. மகாராணி என்பது ஒரு லாரி. தானாக ஸ்டார்ட் ஆகாது, நாலு பேர் பின்னால் வந்து தள்ள வேண்டும், அதனால் அந்தப் பட்டம். அதை எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார்கள். சமதளத்தில் நிறுத்தியவனுக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள்.

மிளகாய் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிறீங்களே, அந்தப் பாழாப்போன வண்டியை என் தலையில கட்டினது யாரு? மேனேஜர்தானே! நானும் சாமியாரும் எப்படி இருந்தோம்! இன்னைய வரைக்கும் அந்த மாதிரி ஒரு ஜோடி இந்த லைன்ல உண்டா? கண்ணு பொறுக்கல அந்த ஆளுக்கு. பிரிச்சுட்டான். படுபாவி, நல்லா இருப்பானா அவன்?"

"அதான் போயிட்டாரே அண்ணே" என்றார் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் அது.

"போனா மட்டும் விட்டுருவேனா?"

இந்த ஜோடி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைதூர லோடு என்றால் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகைப் படுக்கையில், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். வண்டி நிற்காது. படுத்தவன் தூங்கணும் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். தூக்கமும் வேலையில் பாதி. கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு படுத்திருப்பவன், முன்னால் ஓட்டுகிறவனை நம்பவில்லை என்று அர்த்தம். "உன் வண்டியில எனக்குத் தூக்கம் வரல" என்று ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் சொன்னால், அதற்குப் பிறகு கைகலப்புதான். அப்பா அம்மாவை இழுத்துத் திட்டினால்கூட மன்னித்துவிடுவார்கள், அந்த வார்த்தைக்கு மன்னிப்பே கிடையாது.

மிளகாயும் சாமியாரும் அப்படி ஒரே வண்டியில் வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள். சாமியார் பேசமாட்டார், அதனால் சாமியார். அவர் பேசாததையும் சேர்த்து மிளகாய் பேசிவிடுவார். திடீரென்று ஒரு நாள் ஆபீஸில் ஆள் மாற்றினார்கள். சாமியாரை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டு, மிளகாயிடம் மகாராணியையும் ரேடியோவையும் கொடுத்தார்கள். எது பெரிய தண்டனை என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அன்றைக்கு மிளகாய் வழக்கத்தைவிட அதிகமாகவே போய்விட்டார். மேனேஜரின் கண், மூக்கு, நடை, வழுக்கை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவருடைய குடும்பத்துக்கு வந்தார். "அந்தப் பாவம்தான் அவன் பொண்ணு வாழாம வந்து உட்கார்ந்திருக்கு" என்று வாயில் வந்தது.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, போதும் விடுங்க. அந்தப் பொண்ணை ஏன் இழுக்கறீங்க? அந்த மனுஷன் உங்களைப் பிரிக்கவே இல்ல."

"பின்னே யாரு பிரிச்சா? கவர்மெண்டா?"

"சாமியாரேதான் போய்க் கேட்டாரு."

டயர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் டீயைக் கீழே வைத்தார்கள்.

"என்ன கேட்டான்?"

ரேடியோவுக்கு ஆயுளில் முதல்முறையாக வார்த்தை கிடைக்கவில்லை. "நான் அப்போ மேனேஜர் ரூம்ல சாவி வாங்க நின்னுட்டிருந்தேன். 'அவன் ஓட்டறப்போ எனக்குத் தூக்கம் வரல சார். ஆளை மாத்திக் குடுங்க'ன்னாரு. வெளிய சொல்லாதேன்னு மேனேஜர் என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. உங்க மனசு நோகும்னுதான்."

டயர் மேல் இருந்தவர்களில் ஒருவர் மிளகாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மிளகாய்க்கு அந்தத் திரும்பல்தான் சுரீர் என்று தைத்தது. எழுந்தார். டம்ளரை வைத்த சத்தத்தில் டயர் கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கண்ணே?"

"அவன் வீட்டுக்கு. தூங்கிட்டிருந்தா எழுப்பிக் கேக்கறேன்."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கொதித்தார். தன் வாழ்க்கையில் தனக்கென்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? படிப்பு கிடையாது. சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. நல்ல டிரைவர் என்ற ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்கும் சாட்சி ஒரே ஓர் ஆள்தான். பின்னால் படுத்துத் தூங்கியவன். அவனே தூங்கவில்லை என்றால் அப்புறம் என்ன பேர், என்ன சாட்சி? அடுத்த வாரம் டயர் கடையில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது? அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருக்கும். ரேடியோ ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டபின் தனியாக யாரும் தண்டோரா போட வேண்டாம்.

ஆள் மாற்றியது எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தார். பாப்பா போனதற்கு அடுத்த வருஷம். அந்த நினைப்பு வந்ததும் மனசை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது அவருக்குப் பழக்கம்.

பாப்பா அவருடைய முதல் குழந்தை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க யூனிஃபார்ம்கூடத் தைத்தாகிவிட்டது. காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அவர் அப்போது எங்கேயோ ஒரு தொழிற்சாலை வாசலில் லோடு இறக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் மூலமாகத் தகவல் கிடைத்து வந்து சேர்ந்தபோது வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அழவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளிலேயே அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார். பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான், வேலைக்குப் போனான். பாப்பா பேச்சை மட்டும் அவர் வீட்டில் எடுத்ததே இல்லை. "உங்களுக்கென்ன, லோடு ஏத்தினா எல்லாம் மறந்துரும்" என்று மனைவி எப்போதாவது சொல்வாள். எப்போதும் பதிலுக்குப் பதில் சொல்கிற மனுஷன், அதற்கு மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

சாமியாரின் வீட்டுக் கதவை மருமகள் திறந்தாள். "வாங்க மாமா. மாமா மாடியில இருக்காங்க." இரண்டு மாமாக்களில் எந்த மாமா எங்கே என்று அவளுக்கு எப்போதும் குழப்பம் வந்ததில்லை. வந்தவர் முகத்தைப் பார்த்ததும், "காபி போடட்டுமா?" என்று கேட்க வந்ததை விழுங்கிவிட்டு வழிவிட்டாள்.

சாமியார் மாடி வராந்தாவில் முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால்தான் அவர் டயர் கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

"வா" என்றார். அவருடைய அன்றைய பேச்சில் பாதி முடிந்தது.

"மேனேஜர்கிட்ட போய் என்னை மாத்தச் சொன்னது நீயா?"

"ஆமா."

இல்லை என்று சொன்னால் என்னென்ன கேட்பது என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தார் மிளகாய். ஆமாவுக்கு எதையும் தயார் பண்ணவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஆமாவா? கூசாம சொல்றே? உன் எதிரில உட்கார்ந்து எத்தனை தடவைடா அந்த மனுஷனைத் திட்டியிருப்பேன்! ம், ம்னு தலையாட்டிட்டு இருந்தியே! ஒரு தடவையாவது வாயைத் திறந்தியா? அவரு சாவுக்குக்கூட நான் போகலடா!"

"நான் போனேன். உனக்கும் சேர்த்து."

"எனக்கும் சேர்த்தா? யாருடா உன்னைக் கேட்டா? சரி, அது போகட்டும். நான் ஓட்டினா உனக்குத் தூக்கம் வராதாமே! என் கையில இருந்த வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா? ஒரு கோழி, ஒரு நாய் அடிபட்டிருக்கா?"

"ஒரு ஆடு."

"அது தானா வந்து விழுந்தது! பேச்சை மாத்தாதே!"

சாமியார் ஒரு பல் பூண்டை உரித்து முடித்து முறத்தில் போட்டார். "உன் ஓட்டத்துல ஒரு குறையும் கிடையாது. நீ ஸ்டியரிங்ல இருந்தா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும். எத்தனை வருஷம் தூங்கியிருக்கேன். அந்த ஒரு வருஷம்தான் தூங்கல."

"எந்த ஒரு வருஷம்?"

சாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "நீ பேசிட்டே இருப்பே."

"யார்கிட்ட?"

"பாப்பாகிட்ட."

குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல மிளகாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. அது யாருக்கும் தெரியாது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறான், இந்தப் பக்கம் ரோடு மட்டும்தான் இருக்கிறது என்று நம்பித்தானே வாயைத் திறந்தார்? உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஒட்டுக்கேட்டியா?"

"காதுல விழுந்தது. மொதல்ல ரேடியோ மாதிரி உனக்கு நீயே ஏதோ பேசறேன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. அவளைத் திட்டறே. 'அப்பா வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? உனக்கென்னடி அவ்வளவு அவசரம்? யாரைக் கேட்டுக்கிட்டுப் போனே?'ன்னு அதட்டறே. அப்புறம் நீயே சமாதானம் பண்றே. அதைக் கேட்டுட்டு எந்த மனுஷன்டா தூங்குவான்?"

"இருமித் தொலைச்சிருக்கலாமே! நான் நிறுத்தியிருப்பேனே!"

"அதுக்குத்தான் இருமல. நீ வீட்லயும் பேசல, ஆபீஸ்லயும் பேசல. பேசினது அந்த ஒரு இடத்துலதான். நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அதையும் மூடிக்குவே. அதனால தூங்கறவன் மாதிரி மூச்சு விட்டுட்டுக் கிடந்தேன்."

சாமியார் இவ்வளவு நீளமாகப் பேசி மிளகாய் கேட்டதில்லை. மனசு ஒரு நிமிஷம் இளகப் பார்த்தது. ஆனால் அவர் டிரைவர். பேச்சில் ஏதோ இடித்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. நான் ஓட்டறப்போ நீ தூங்கல. அப்புறம் உன் முறை வருமே?"

"வரும்."

"ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

"தூங்காமயா?" மிளகாயின் குரல் தெருவுக்கே கேட்டது. கீழே மருமகள் அடுப்பை அணைத்தாள். "பின்னால நான் படுத்திருந்தேன்டா! உன்னை நம்பி, வாயைப் பிளந்து குறட்டை விட்டுட்டுப் படுத்திருந்தேன்! எனக்கு வீட்ல ஒருத்தி இருந்தா. ஏற்கனவே ஒண்ணைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருந்தா. தூங்காத கண்ணோட லோடு வண்டி ஓட்டறது என்னன்னு உனக்குத் தெரியாதா? அடுத்தவன் பண்ணியிருந்தா நீயே செருப்பைக் கழட்டியிருப்பே!"

"தெரியும். அதனாலதான் மேனேஜர்கிட்ட போனேன்."

"எப்போ? வருஷம் முழுக்க ஓட்டிட்டா?"

"ஒரு நாள் விடியறப்போ கண்ணைத் திறந்து பார்க்கறேன், வண்டி ரோட்டை விட்டு மண்ணுல ஓடிட்டிருக்கு. எதிர்ல மரம். ஸ்டியரிங்கை ஒடிச்சு நிறுத்தினேன். நீ எழுந்து, 'என்னடா, பள்ளமா?'ன்னே. ஆமான்னேன். நீ அந்த ரோடு போட்டவனைத் திட்டிட்டு மறுபடி தூங்கிட்டே." சாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "திரும்பி வந்ததும் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவன் ஓட்டறப்போ தூக்கம் வரலன்னேன். ஏன்னு கேட்டாரு, சொல்லல. அது உன் விஷயம்."

மிளகாய்க்கு அந்தப் பள்ளம் நன்றாக ஞாபகம் இருந்தது. டயர் கடையில் அதைப் பற்றியும் திட்டியிருக்கிறார். அந்தப் பக்கத்து இன்ஜினியர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் கேட்டேன்" என்றார் சாமியார்.

"என்னத்தைக் காப்பாத்தினே? உனக்குப் பதிலா ரேடியோவை ஏத்திவிட்டாங்களே! அவன் படுத்தா தூங்கற ஜாதியா? திரைக்குள்ளேர்ந்தே பேசுவான். தூக்கத்துலயும் பேசுவான். அவனை வச்சுக்கிட்டு நான் எங்கடா பேசறது? அதுக்கப்புறம் இன்னைய வரைக்கும் என் பொண்ணுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல! இருந்தது ஒரே இடம், அதையும் பிடுங்கிட்டியேடா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"அது எனக்குத் தோணவே இல்லடா" என்றார் சாமியார். பொய்யில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மிளகாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கோபம் போகவில்லை. "என்னல்லாம் பேசினேன்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். "திட்டினது ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் போயிருச்சு. அவ குரல்கூட ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

"ஒரு தடவை அவளைக் கேபின்ல ஏத்திக்கிட்டு பக்கத்து ஊரு லோடுக்குப் போனியாமே. எதிர்ல வர்ற லாரிக்காரன் எல்லாம் கையைத் தூக்கறான், நீயும் தூக்கறே. 'இவரு உன் ஃப்ரெண்டாப்பா?'ன்னு அவ ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டாளாம். ஆமான்னியாம். அப்புறம் அவ இல்லாதப்போ, எதிர்ல வண்டி வந்தா நீ கையைத் தூக்கிட்டு, 'பாரு, இவரும் என் ஃப்ரெண்டுதான்டி'ன்னு சொல்வே. ஒவ்வொரு வண்டிக்கும் சொல்வே. நான் திரைக்குள்ள..."

"நிறுத்து."

"ஏன்?"

"நிறுத்துடா! இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதே." மிளகாய் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "இவ்வளவையும் நீயே வச்சுக்கிட்டு பூண்டு உரிச்சிட்டிருக்கே! இது யாரு சொத்து? அவ அம்மா சொத்துடா. அவளுக்கு ஒரு ஃபோட்டோ தவிர ஒண்ணும் கிடையாது. நான் கல்லுன்னு நினைச்சுட்டு இத்தனை வருஷமா ஒரு கூரைக்குக் கீழ இருக்கா. எழுந்திரு. சட்டையைப் போடு."

"முட்டி வலிக்குதுடா."

"வலிக்கட்டும்!"

மருமகள் காரை எடுத்தாள். இரண்டு கிழவர்களையும் இந்த நிலைமையில் பஸ்ஸில் அனுப்ப அவளுக்குத் தைரியமில்லை. அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் பின்சீட்டில் மிளகாயின் வலது கால் தானாக பிரேக்கைத் தேடி அழுத்தியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சாமியார் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் வருது பாரு தூக்கம்!" என்று பல்லைக் கடித்தார் மிளகாய்.

வீட்டில் மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் சாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த தினுசைப் பார்த்து, "என்ன அண்ணே, யார்கூட சண்டை?" என்றாள். சண்டை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, யாரோடு என்பதுதான் கேள்வி.

"சொல்லுடா" என்றார் மிளகாய். "என்கிட்ட சொன்னதை இவகிட்ட சொல்லு."

சாமியார் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷன், நேராகச் சொன்னார். பாப்பா போன பிறகு ஒரு வருஷம், ஒவ்வொரு ஓட்டத்திலும், இவன் அவளோடு பேசிக்கொண்டே ஓட்டினான் என்றார்.

அவள் நம்பவில்லை. "இவரா? பாப்பா பேரைச் சொன்னாலே எழுந்து வெளிய போற மனுஷன். ஆறுதலுக்காக எதையாவது சொல்லாதீங்க அண்ணே." மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

சாமியார் எதிரில் வந்த லாரிகளைப் பற்றிச் சொன்னார். அவள் கை நின்றது.

"ஆமா" என்றாள் மெதுவாக. "பக்கத்து வீட்டுலல்லாம் போய்ச் சொல்லிட்டு வருவா. 'ரோட்டுல எல்லாரும் எங்க அப்பாவுக்கு ஃப்ரெண்டு'ன்னு. எங்கேர்ந்து கத்துக்கிட்டு வந்தான்னு எனக்குத் தெரியவே இல்ல." அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னொண்ணு அடிக்கடி சொல்வான்மா" என்றார் சாமியார். "'உங்கம்மா சரியா சாப்பிடறதில்லடி. தட்டுல போட்டுட்டு அப்படியே கழுவி ஊத்திடறா. நான் சொன்னா கேக்கமாட்டா, நீ சொல்லு'ன்னு. ஒரு ஓட்டம் விடாம சொல்வான்."

துணி அவள் மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் அழப்போகிறாள் என்றுதான் மிளகாய் நினைத்தார். அவள் எழுந்து நின்றாள். முகத்தில் இருந்தது கோபம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு கோபத்தை அவர் அவளிடம் பார்த்ததில்லை.

"நான் சாப்பிடலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வாயைத் திறந்தார்.

"தட்டைக் கழுவி ஊத்தினது வரைக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாப்பிட்டியான்னு கேக்கல! போன குழந்தையைத் தூது அனுப்பினீங்களா என்கிட்ட? அது எப்படி வந்து சொல்லும்? அது வந்து சொல்லும்னா நான் ஏன் சாப்பிடாம கிடந்தேன்? நீங்க ஒரு வாய் எடுத்துக் குடுத்திருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனா? இந்த வீட்ல நான் மட்டும்தான் அவளைப் பெத்தவள்னு நினைச்சுட்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேனே!"

"நான் வந்து..." என்றார் மிளகாய்.

"பேசாதீங்க!"

இதற்கு எதிராகக் கோபப்பட ஒரு காரணம், தேடிப் பார்த்தும், அவருக்கே கிடைக்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்து சாமியாருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். "நீங்க சொல்லுங்க அண்ணே. ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க. அவளைப் பத்தி இவர் என்னென்ன பேசினாரோ ஒண்ணு விடாம சொல்லுங்க. நடுவுல இவர் வாயைத் திறந்தா வெளிய அனுப்பிடுவேன்."

மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சாமியார் வலிக்கிற முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"டவுனைத் தாண்டினா ஒரு பாலம் வரும்மா. அங்க வந்ததும்தான் எப்பவும் ஆரம்பிப்பான்."

மிளகாய் சுவரோரமாகக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்த வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, தான் பேசியதைக் கேட்க ஆரம்பித்தார்.